சார்ட் சொல்றதெல்லாம் சத்தியமா?

லேப் அவர்ல, டெஸ்க்குக்கு அடியில மொபைலை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, பச்சையும் சிவப்புமா குச்சி குச்சியா ஓடுற படத்தை வெறிச்சுப் பார்க்கிற பார்ட்டியா நீங்க? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

'எதை வாங்கலாம், எப்போ விக்கலாம்'னு டிப்ஸ் கொடுக்க நான் வரலை. கேக்குறது ஒரே ஒரு கேள்விதான். நீங்க நம்பிப் பணம் போடுற அந்தக் குச்சி, முதல்ல சரியான குச்சியா?

கேள்வி சின்னது, மேட்டர் பெருசு. ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டிருக்காங்கனு 2024 செப்டம்பர்ல செபி கணக்கு சொன்னுச்சு. மூணு நிதியாண்டுல போன மொத்தப் பணம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. 2023-24-ல அந்த ஆட்டத்துல இருந்தவங்கள்ல 43 சதவிகிதம் பேர் 30 வயசுக்குள்ள. அதாவது, நம்ம செட்டு!

பஃபெட்டுக்கே இந்த கதி!

2024 ஜூன் 3. நியூயார்க் பங்குச் சந்தை. வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் ஹாத்வே கம்பெனியின் 'ஏ' பங்கு ஒண்ணு 6 லட்சம் டாலருக்கு மேல போயிட்டு இருந்தது. திடீர்னு ஸ்கிரீன்ல 185 டாலர் 10 சென்ட்! 99.97 சதவிகிதம் காலி! பார்த்தவங்களுக்கு நெஞ்சே அடைச்சிருக்கும். ஆனா, பஃபெட் ஒண்ணும் திவாலாகலை. விலை வரம்புகளை வெளியிடுற சிஸ்டத்துல டெக்னிக்கல் கோளாறு. டிரேடிங்கை நிறுத்தி, தாறுமாறான விலையில நடந்த வியாபாரங்களைச் சந்தை ரத்து பண்ணிடுச்சு.

சந்தைக்கு அது ரத்து. உங்க சாஃப்ட்வேருக்கு? அந்த விலையைப் பழைய டேட்டாவுல இருந்து யாராவது நீக்கணும். நீக்கலைன்னா, பாதாளத்துக்குப் போன அந்தக் குச்சி அப்படியே நிக்கும். நாளைக்கு நீங்க போடுற ஆவரேஜ் எல்லாம் அதையும் சேர்த்துதான் கணக்குப் போடும்.

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்!

கிளாஸ் டாப்பர் நோட்ஸை ஜெராக்ஸ் போட்டு, அதை இன்னொருத்தன் ஜெராக்ஸ் போட்டு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி உங்க கைக்கு வரும்போது டெசிமல் புள்ளி காணாமப் போயிருக்குமே... சார்ட்டும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்ச்ல பிறக்கிற விலை, டேட்டா விக்கிற கம்பெனி, புரோக்கரோட சர்வர், உங்க நெட்னு பல கை மாறித்தான் உங்க ஸ்கிரீனுக்கு வருது.

'என் சார்ட்ல அந்த விலையே வரலை, ஸ்டாப் லாஸ் மட்டும் எப்படி அடிச்சது?'னு ஹாஸ்டல்ல புலம்பாத டிரேடர் உண்டா? காரணம் சிம்பிள். பரபரப்பான பங்குல ஒரே செகண்டுல ஏகப்பட்ட வியாபாரம் நடக்கும். சாதாரண ஆப்புக்கு அத்தனையும் வராது. அப்பப்போ எடுத்த போட்டோ மாதிரி சில விலைகள் மட்டும்தான் வரும். ஓவருக்கு ஒரு தடவை ஸ்கோர் பார்க்கிறவனுக்கு நடுவுல போன சிக்ஸர் தெரியுமா? தெரியாது. ஆனா, எக்ஸ்சேஞ்சுக்குப் போன உங்க ஸ்டாப் லாஸ் ஆர்டர் ஒவ்வொரு பந்தையும் பார்த்துட்டு இருக்கு. அது உங்க சார்ட்டைக் கேட்டு அடிக்கிறது இல்லை!

ஒரே பங்கு, ரெண்டு ஆர்.எஸ்.ஐ.!

ஆர்.எஸ்.ஐ.யை 1978-ல உலகத்துக்குக் கொடுத்த வெல்ஸ் வைல்டர் நம்ம ஜாதி... அதாங்க, மெக்கானிக்கல் இன்ஜினீயர்! ஒரே பங்குக்கு, ஒரே நிமிஷத்துல, ரெண்டு ஆப் ரெண்டு ஆர்.எஸ்.ஐ. காட்டும். ஃபார்முலாவுல தப்பில்லை. இன்னிக்கு விடை வரணும்னா நேத்தைய விடை வேணும், நேத்தையதுக்கு முந்தாநாள். அதனால 500 குச்சி பழைய டேட்டா வெச்சிருக்கிற சாஃப்ட்வேரும், 30 குச்சியோட ஆரம்பிக்கிற சாஃப்ட்வேரும் ஒரே பதிலைச் சொல்லாது. இதுல 9 மணில இருந்து ஒரு மணிக் குச்சியை வெட்டுறது ஒண்ணு, 9.15-ல இருந்து வெட்டுறது இன்னொண்ணு. குச்சியே வேறன்னா சிக்னல் எப்படி ஒண்ணா இருக்கும்?

மைனஸ் விலை தெரியுமா?

2020 ஏப்ரல் 20. அமெரிக்க கச்சா எண்ணெயோட மே மாத ஃபியூச்சர்ஸ் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சது. எண்ணெயையும் கொடுத்து, எடுத்துட்டுப் போகக் காசும் கொடுத்த நாள்! நம்ம எம்.சி.எக்ஸ்.லயே பேரல் மைனஸ் 2,884 ரூபாய்னு செட்டில் பண்ணாங்க. விலை ஜீரோவுக்குக் கீழ போகும்னு இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் கம்பெனியோட சிஸ்டம் தயாரா இல்லை. 2021-ல அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 17.5 லட்சம் டாலர் அபராதம் போட்டு, வாடிக்கையாளர்களுக்கு 8 கோடி டாலருக்கு மேல ஈடு கட்டச் சொன்னுச்சு. புரோகிராம் எழுதினவன் 'இதெல்லாம் நடக்காது'னு நினைச்ச இடத்துல, அடுத்தவன் பணம் போச்சு.

நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. 2021 பிப்ரவரி 24, காலை 11.40-க்கு என்.எஸ்.இ. மொத்த வியாபாரத்தையும் நிறுத்துச்சு. டெலிகாம் இணைப்புல பிரச்னை. அதுக்கு முன்னாடியே நிஃப்டி அப்டேட் ஆகாம முரண்டு பிடிச்சது. திரும்பத் திறக்குமான்னு தெரியாம, பல புரோக்கர்கள் வாடிக்கையாளர் பொசிஷன்களை பி.எஸ்.இ.யில முடிச்சாங்க. அப்புறம் 3.45-க்குக் கடை திறந்து 5 மணி வரைக்கும் ஓடுச்சு! கோடு அசையாம படுத்திருந்தா, அது மார்க்கெட்டோட அமைதியா இருக்கணும்னு இல்லை. லைன் செத்தும் போயிருக்கலாம்.

நீங்களே டெஸ்ட் வைங்க!

* தினமும் சந்தை முடிஞ்சதும் எக்ஸ்சேஞ்ச் தன் தளத்துல 'பவ் காப்பி'னு அன்னிக்கு விலைப்பட்டியலை இலவசமா போடுது. அஞ்சு பங்கு, அஞ்சு நாள்... ஓப்பன், ஹை, லோவை உங்க சார்ட்டோட ஒப்பிடுங்க. குளோசிங் மட்டும் லேசா இடிச்சா பதறாதீங்க. இங்கே பல வருஷமா, கடைசி அரை மணி நேர சராசரியைத்தான் குளோசிங்னு கணக்குப் பண்ணினாங்க.

* 2024 அக்டோபர் 28-ஐ ரிலையன்ஸ் சார்ட்ல பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் வந்த நாள். 2,600 ரூபாய்க்கு மேல இருந்த விலை அன்னிக்குப் பாதியா தெரியுதா? அப்போ உங்க சாஃப்ட்வேர் போனஸைச் சரிக்கட்டலை.

* விலைக்குப் பக்கத்துல இருக்கிற நேரத்தைப் பாருங்க. சில இலவச தளங்கள்ல விலை 15 நிமிஷம் பழசு. அதைப் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க.

* ஆர்டர் போடுறதுக்கு முன்னால, சார்ட்டை விட்டுட்டு மார்க்கெட் டெப்த்தை ஒரு தடவை பாருங்க.

சார்ட் பக்கா ஆயிட்டா அந்த 93-ல இருந்து தப்பிச்சிடலாம்னு நான் சொல்லலை. கணிப்பு தப்பாகிப் பணம் போனா, அது பாடம். அளவுகோலே தப்பாகிப் பணம் போனா... பணமும் இல்லை, பாடமும் இல்லை பாஸ்!