அனுமதியை ரத்து செய்யலாம்; ஆளைத் தூக்கி எறிய முடியுமா?

நிலமும் நீதியும் – 9

குத்தகைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். குத்தகை, நிலத்தின் மீதே ஓர் உரிமையைத் தருகிறது. உரிமம் வெறும் அனுமதி. அது இல்லாவிட்டால் அத்துமீறலாகிவிடும் ஒரு செயலை அது சட்டப்படியானதாக்குகிறது, அவ்வளவுதான். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 52ஆவது பிரிவில் சொல்வதும் இதுவே. இதைப் பிடித்துக்கொண்டு அரசுத் தரப்பில் ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது: கொடுத்தது நாம், நினைத்தபோது ரத்து செய்யலாம், ரத்து செய்த கையோடு பூட்டும் போட்டுவிடலாம். இதன் முதல் பாதி பெரும்பாலும் சரி. பின்பாதி சட்டத்துக்கே விரோதம்.

பஞ்சாபிலுள்ள பர்னாலாவை எடுத்துக்கொள்வோம். 1909இல் அன்றைய பாட்டியாலா சமஸ்தானத்துக்குச் சொந்தமான நிலத்தில், அனுமதி பெற்று ஒரு குடும்பத்தார் தர்மசாலை கட்டினார்கள். கூடவே கோயிலும் கடைகளும் எழுந்தன. ஐம்பது ஆண்டுக்கு அருகில் அந்தக் குடும்பமே அவற்றை நிர்வகித்துவந்தது. பிறகு மாநில அதிகாரிகள், நீதிமன்ற ஆணை ஏதுமில்லாமல், நிர்வாக உத்தரவு ஒன்றைக் காட்டி அவர்களை வெளியேற்றினார்கள். பிஷன் தாஸ் வழக்கு என்று அறியப்படும் இதில் 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் நிலத்தில் அவர் அனுமதியோடு, நல்லெண்ணத்தில் கட்டடம் எழுப்பியவர் அத்துமீறியவர் அல்லர். நிலம் அரசுடையது என்பதாலேயே கட்டடமும் அரசுடையதாகிவிடாது. சட்டத்தின் துணையின்றி அதிகாரி கையை ஓங்குவது சட்டத்தின் ஆட்சியையே குலைக்கும் என்றது. இவ்வழக்கில் நிலத்தின் உரிமை யாருக்கு என்பதைவிட, அதை மீட்கச் சென்ற வழி எது என்பதே அரசைத் தோற்கடித்தது.

இந்த நியாயம் சட்டப்புத்தகத்திலும் இருக்கிறது. உரிமத்தை நம்பி ஒருவர் நிரந்தரமான வேலைகளைச் செய்து செலவும் செய்திருந்தால், உரிமம் தந்தவர் அதை ரத்து செய்ய முடியாது என்கிறது அதே வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. ரத்து செய்யக்கூடிய உரிமமாக இருந்தாலும், வெளியேறவும் பொருள்களை எடுத்துச்செல்லவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது 63ஆவது பிரிவு. லக்னோ நிலம் ஒன்றின் குத்தகையை உத்தரப்பிரதேச அரசு ரத்து செய்தது பற்றிய தர்மேந்தர் பிரசாத் சிங் வழக்கிலும், 1989இல், உச்ச நீதிமன்றம் இதே தடத்தில் சென்றது. குத்தகை முடிந்த பின்னும் அரசு பலத்தால் சுவாதீனம் எடுக்கக் கூடாது, சட்டம் தரும் வழியில்தான் எடுக்க வேண்டும் என்றது.

பொது நிலத்தைத் தனியார் ஆண்டாண்டாக அனுபவிக்க விட்டு, அரசு கோர்ட்டுப் படியேறிக் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான், ஆனால் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் இடங்களுக்கு 1971ஆம் ஆண்டின் பொது இடங்கள் வெளியேற்றச் சட்டம் இருக்கிறது. எஸ்டேட் அதிகாரி நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, காரணத்தோடு உத்தரவு போடுகிறார். அதை எதிர்ப்பவர் 12 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்கு இதில் இடமில்லை. குறுக்கு வழியை எடுக்கும்போதுதான் உத்தரவு ரத்தாகி, வழக்கு தொடக்கப் புள்ளிக்கே திரும்பி, ஆண்டுகள் வீணாகின்றன.

நோட்டீஸ் கொடுத்து என்ன ஆகப் போகிறது, முடிவு ஒன்றுதானே என்பாரும் உண்டு. மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985இல், இதற்குப் பதில் கிடைத்தது. முன்னறிவிப்பின்றி அகற்றலாம் என மாநகராட்சிச் சட்டம் சொன்னாலும், அது முன்னறிவிப்பே கூடாது என்று பொருள்படாது என்றது நீதிமன்றம். அகற்றுவதற்குத் தடை இல்லை, ஆனால் மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31க்குப் பிறகே என்றது. அனுமதியே இல்லாதவருக்கு இவ்வளவு என்றால், அரசு கொடுத்த அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிடக் குறைவாகவா தருவது?

ஆகவே ரத்து உத்தரவில் மூன்று வரிகள் இருந்தாக வேண்டும்: எந்த நிபந்தனை மீறப்பட்டது அல்லது என்ன பொதுத் தேவை வந்தது, பதில் சொல்ல எந்தத் தேதி வரை அவகாசம், காலி செய்ய எத்தனை நாள். இவை எழுதப்பட்டால் அரசின் உரிமை எங்கும் குறைவதில்லை. எழுதப்படாவிட்டால், எவ்வளவு நியாயமான மீட்பும் நீதிமன்றத்தில் நிற்காது. கட்டடத்துக்கு நஷ்டஈடு யார் தருவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.