ஆர்.ஓ. பிளான்ட்டில் தண்ணீர் குறையுதா? மெம்ப்ரேனை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

வள்ளூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த கடல்நீர் ஆலையும் சரி, தெருமுனை கேன் பிளான்ட்டும் சரி, ஓடுவது ஆர்.ஓ.வில்தான். தண்ணீர் குறைந்தால் உடனே 'மெம்ப்ரேன் போச்சு' என்பார்கள். அவசரப்படாதீங்க.

கார்ட்ரிட்ஜுக்கு முன்னும் பின்னும் பிரஷரைப் பாருங்க. வித்தியாசம் அதிகமா? சேறு அடைத்திருக்கும், கார்ட்ரிட்ஜ் மாற்றினாலே போதும். பிரஷரெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால், பெரும்பாலும் உப்புப் படிவு. ஆசிட் வாஷ் செய்து பார்க்கலாம். ஆன்டிஸ்கேலன்ட் பம்ப் ஓடுதான்னும் கவனிங்க.

தண்ணீரும் கூடி, டி.டி.எஸ்.ஸும் ஏறினால்தான் வம்பு. சம்ப்பில் போட்ட பிளீச்சிங் பவுடரின் குளோரின் மெம்ப்ரேனைக் கெடுத்திருக்கலாம். கார்பன் ஃபில்டரை மாற்றாமல் புது மெம்ப்ரேன் போட்டால் அதுவும் வீண்.

கேன் வாங்குறவங்க டி.டி.எஸ். ரீடிங்கைத் தயங்காமல் கேளுங்க. இந்தியத் தரநிலைப்படி ஏற்கத்தக்க அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம்.