உங்கள் ஸ்டேடிக் வெப்சைட்டுக்கும் பதில் வரும்!

உங்களிடம் சொந்த வெப்சைட் இருக்கிறதா? டேட்டாபேஸ் எதுவும் இல்லாத, வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் கொண்ட ஸ்டேடிக் சைட்டா? என்னுடையதும் அப்படித்தான். டிஸ்கி எழுத்துருவில் டைப் செய்த பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது பற்றிய குறிப்புகளை அதில் வைத்திருக்கிறேன். ஹேக்கர் தொல்லை குறைவு, செலவும் குறைவு. ஆனால் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் தெரியாது. அதற்காக எல்லாவற்றையும் சோஷியல் தளங்களிலேயே எழுத எனக்கு மனமில்லை. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில்.

நான் பயன்படுத்துவது வெப்மென்ஷன். 2017-ல் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த முறை இது. ஒருவர் தன் தளத்தில் உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரது தளம் இரண்டே முகவரிகளை அனுப்பும். ஒன்று அவருடைய பக்கம், மற்றது உங்களுடையது. பெறும் சர்வர் அங்கே போய், லிங்க் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்ளும்.

ஸ்டேடிக் சைட்டில்தான் புரோகிராம் ஏதும் ஓடாதே, யார் பெறுவது? அதற்கு வெப்மென்ஷன்.ஐஓ என்ற சேவை இருக்கிறது. உங்கள் டொமைனைக் கொண்டு அதில் நுழைந்து, அது தரும் வரியை உங்கள் பக்கத்தின் ஹெட் பகுதியில் பேஸ்ட் செய்யுங்கள். பதில்கள் அங்கே சேரும். சின்ன ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அவற்றை உங்கள் பக்கத்தின் அடியில் காட்டலாம். நான் காட்டுவதில்லை. படித்துப் பார்த்து, நல்லதை மட்டும் கையால் சேர்க்கிறேன். விளம்பரக் குப்பையும் வருமே! நீங்கள் பிறருக்கு லிங்க் கொடுக்கும்போது தகவல் தானாகப் போகாது, தனியாக அனுப்ப வேண்டும்.

மாஸ்டடான் பயன்படுத்துவோரை எட்ட பிரிட்ஜி ஃபெட் உதவும். தள முகவரியைக் கொடுத்தால், உங்கள் ஆர்எஸ்எஸ் ஃபீடைப் பார்த்துப் புதிய பதிவுகளை அங்கே கொண்டுபோகும். அங்குள்ளவர்கள் உங்கள் தளத்தையே ஒரு நபரைப் போல ஃபாலோ செய்யலாம். அவர்கள் எழுதும் பதில் வெப்மென்ஷனாக உங்களிடம் திரும்பி வரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போன பதிவு பல சர்வர்களில் நகலாகிவிடும். நீங்கள் அழித்தாலும் எல்லா இடத்திலும் அழியும் என்று உத்தரவாதமில்லை. ஆகவே குழந்தைகள் படம், ஃபோன் நம்பர் எதுவும் வேண்டாம். டொமைனைப் புதுப்பிக்கும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். இங்கே உங்கள் பெயரே அதுதான். காலாவதியானால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கி, உங்களை ஃபாலோ செய்பவர்களிடம் பேசத் தொடங்கலாம்.