உங்களுக்குத் தெரியுமா? கிதாரின் கிளீன் டோன்

கிதார் ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை டிஜிட்டலில் உருவாக்கித் தருபவை ஆம்ப் மாடலிங் பெடல்கள். அவற்றில் கரகரப்பில்லாத ஒலி (கிளீன் டோன்) பெற:

• கெயினைக் குறைத்து, லெவலை ஏற்றுங்கள். கெயின் ஒலியின் தன்மையையே மாற்றும். லெவல் சத்தத்தை மட்டுமே கூட்டும்.

• ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 1975-இல் அறிமுகமான ரோலண்ட் ஜேசி-120 ஆகிய ஆம்ப்ளிஃபயர்களின் மாடல்களைத் தேர்ந்தெடுங்கள். சத்தத்தைக் கூட்டினாலும் ஒலி உடையாது என்று பெயர்பெற்றவை இவை.

• ஹம்பக்கர் பிக்கப்பின் சிக்னல் வலுவானது. கிதாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே ஒலி தெளியும்.

• ஹெட்ஃபோனில் கேட்கும்போது, ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷனை அணைக்காதீர்கள். கிதார் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரிதும் மட்டுப்படுத்துபவை. அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் கிளீன் டோனும் காதைக் குத்தும்!