அருகிருந்து பேணும் தொழில்

மும்பையில் மகன் வீட்டில் சில மாதம் தங்கிச் செல்லலாம் என்று நெல்லைச் சீமையிலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தார். வந்த இடத்தில் பக்கவாதம் கண்டுவிட்டது. மூன்றாம் நாள் அவரைக் காண மருத்துவமனைக்குச் சென்றேன். வலக்கையும் வலக்காலும் ஓய்ந்து கிடந்தன, நாக் குழறியது. குழறிய சொற்களும் தமிழ்ச் சொற்கள். மகன் மருந்து வாங்கச் சென்றிருந்தார். வார்டில் இருந்தோர் மராத்தியும் இந்தியும் பேசுவோர். தாகம் போலும் என்று எண்ணி, அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மையார் தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

அப்போது பயிற்சிச் சீருடை அணிந்த இளம்பெண் ஒருத்தி விரைந்து வந்து குவளையைத் தடுத்தாள். பக்கவாதம் கண்டவர்க்கு விழுங்கும் ஆற்றலைச் சோதித்து அறியுமுன் நீர் புகட்டினால், அது மூச்சுக்குழலில் இறங்கிவிடக் கூடும் என்று இந்தியில் விளக்கினாள். பிறகு காதருகே குனிந்து, "என்ன வேணும் பாட்டி?" என்று தமிழில் கேட்டாள். பாட்டி கேட்டது தண்ணீர் அன்று. நனைந்துவிட்ட சேலையை மாற்றும்படி நாணத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தார்!

அப்பெண் தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மூன்றாண்டுச் செவிலியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு மாணவி. பாராட்டினேன். அவள் தலை குனிந்தவாறே, "நான் என்ன படிக்கிறேன்னு அப்பா ஊர்ல யார்கிட்டயும் சொல்றதில்லை, ஐயா. பிறத்தியார் அழுக்கைத் துடைக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்னு வருத்தப்படுறார்" என்றாள்.

அத்தந்தையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஊரை விட்டு வந்து உழைக்கும் நம்மவர், தம் மக்கள் நாலு பேர் மதிக்க வாழவேண்டும் என்று விழைவது இயல்பே. ஆயினும், எது மதிப்புடைய தொழில் என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' என்பவனையும் சேர்க்கிறார். உழை என்பது பக்கம். பக்கத்திலிருந்து பேணுபவனே உழைச்செல்வான். அவனுக்குரிய இயல்புகள் நான்கு என்று பரிமேலழகர் விரிக்கிறார்: நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வன்மை, அறிவு. அன்பு ஒன்றே போதுமாயின் தாய்மார் அனைவரும் செவிலியர் ஆகிவிடலாமே! ஏனைய மூன்றும் பயிற்சியால் வருவன.

அப்பயிற்சி எத்தகையது? ஏட்டுப் படிப்பு பாதி; கைப்பழக்கம் மறுபாதி. முதலில் பொம்மையின்மீது செய்து பழகி, பின்னரே மூத்தவர் கண்காணிப்பில் நோயாளியைத் தொடுகின்றனர். நாடியைக் கட்டைவிரலால் பார்க்கலாகாது. அவ்விரலின் துடிப்பையே நோயாளியின் துடிப்பாக எண்ணி மயங்க நேரும். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருத்தல் ஆகாது. அசைய மாட்டாதவரின் தோலை அது உறுத்திப் படுக்கைப்புண்ணுக்கு வழிகோலும். அத்தகையோரைப் பொதுவாக இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு பக்கம் ஓய்ந்தவர்க்குச் சட்டை அணிவிக்கையில் ஓய்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றுகையில் நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும். அன்று மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, இம்முறை பிறழாமல் அப்பெண் பாட்டிக்கு உடை மாற்றினாளாம். வலி என்று ஒரு சொல்லும் எழவில்லை என்று பாட்டியின் மகன் பின்னர் என்னிடம் கூறி நெகிழ்ந்தார். அழுக்குத் துடைப்பது என்று நாம் இகழ்வதற்குள் இத்துணை அறிவு அடங்கிக் கிடக்கிறது.

இத்தொழில் நம் நாட்டில் நெடிய வரலாறு உடையது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிலேயே பயிற்சிப்பள்ளி தொடங்கிற்று. 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு உருவாயிற்று. 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நாடெங்கும் பயிற்சிக்கு ஒரே தரத்தை வகுக்க முற்பட்டது. அதனிடத்தில் தேசிய ஆணையம் ஒன்றை நிறுவுவதற்கான சட்டம் 2023-இல் நிறைவேறியது.

இன்று இத்துறையில் நுழைய வாயில்கள் பல. ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் பயிற்சி இரண்டாண்டு, ஜி.என்.எம். என்னும் பட்டயப் பயிற்சி மூன்றாண்டு, பி.எஸ்ஸி. பட்டம் நான்காண்டு. பின்னைய இரண்டிலும் ஆண் மக்களும் சேரலாம். இவையன்றி, 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்னும் உதவியாளர் பணியைத் தொழில் பழகுநராகச் சேர்ந்து கற்கும் வழியும் உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, பழகுபவர் பயிற்சியாளரேயன்றித் தொழிலாளர் அல்லர். எனினும் அவருக்கு மாத உதவித்தொகை உண்டு. 2016-இல் தொடங்கிய தேசிய ஊக்குவிப்புத் திட்டம், அத்தொகையில் காற்பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசே ஏற்க வகைசெய்தது. கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துக்கு இது நல்ல வாயில். ஆனால் உதவியாளர் சான்று செவிலியர் பதிவுக்கு ஈடாகாது என்பதை முன்னரே அறிந்து சேர்தல் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, விளம்பரத்தை நம்பி, தாலிச்சரடு நீங்கலாக வீட்டிலிருந்த நகையெல்லாம் அடகு வைத்து மகளை ஒரு நிறுவனத்தில் சேர்த்தது. ஈராண்டு கழித்து வந்த சான்றிதழை எந்தக் கவுன்சிலும் பதிவு செய்ய ஏற்கவில்லை. போன பணத்தைவிட, அப்பெண்ணின் போன ஈராண்டே என் நெஞ்சை அறுக்கிறது. ஆகவே, பணம் கட்டுமுன் நான்கு வினாக்களை எழுப்புங்கள். இப்பள்ளிக்கு அம்மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகளுக்கிடையே நடைபெறும்? முடித்தபின் செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏறுமா? மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பார்களா? விடையைப் பள்ளியாரிடம் மட்டுமன்றி, கவுன்சிலிடமும் கேட்டுத் தெளிக. மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் நம்போன்றோர்க்கு இது இன்றியமையாதது. புதிய மாநிலத்தில் பதிவு பெறுவதற்கு முதற்பதிவே அடிப்படையாகும்.

வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இத்தொழிலில் ஒரு தனித்தகுதி உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என வளர்ந்தவர்கள் அவர்கள். நோயும் மூப்பும் வந்தபோது மனிதர் தாய்மொழிக்கே திரும்புகின்றனர். அந்நேரம் அவர்தம் மொழியில் ஒரு சொல் கேட்பதும் மருந்தேயாம்.

அன்று மாலை அம்மருத்துவமனை வாயிலில் அத்தந்தையைக் கண்டேன். மகளை அழைத்துச் செல்ல வந்திருந்தார். பாட்டிக்கு அவள் செய்த பணியைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கேட்டார்: "அந்தப் பாட்டி எந்த ஊருங்க?"

சொன்னேன். "எங்க ஊருக்குப் பக்கந்தான்" என்றார். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, தம் மகள் என்ன படிக்கிறாள் என்பதை அவர் சொல்லுவார் என்றே நம்புகிறேன்.