வடசென்னை மாறுகிறது: அங்கே வாழ்பவர்கள் அங்கேயே இருப்பார்களா?

2024 மார்ச் 14 அன்று சென்னை தங்கசாலையில் நடந்த விழாவில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. தொடக்க விழாவின்போது 219 பணிகள், 4,181 கோடி ரூபாய் என வளர்ந்திருந்தது. அதன் பின்னரும் தொகை உயர்த்தப்பட்டுள்ளது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், குடியிருப்பு, நூலகம், சமுதாய நலக்கூடம் என்று பட்டியல் நீளமானது.

மண்ணடி, முத்தியால்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளில் பல தலைமுறைகளாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து மண்ணடியில் கடை வைத்தவர்கள் ஏராளம். துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர்களும் உண்டு. எனவே இந்தத் திட்டம் நமக்கு வெறும் செய்தி அல்ல. இதில் நமக்குக் கிடைப்பது என்ன, கவனிக்காமல் விட்டால் இழக்கக்கூடியது என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

துறைமுகம் தந்ததும் எடுத்ததும்

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில் கரைக்குக் கொண்டு வருவார்கள். 1861இல் கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1875இல் துறைமுகச் சுவர்கள் எழுப்பும் வேலை தொடங்கியது. அதற்கும் முன்பே, 1856இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டுவிட்டது. துறைமுகமும் ரயிலும் சேர்ந்த இடத்தில் வேலை பெருகியது. ஆலைகள் வந்தன. பெரம்பூரில் பின்னி குழுமத்தின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் வளர்ந்தன.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. வங்கக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. இன்று நாம் பார்க்கும் மெரினா கடற்கரை அவ்வளவு அகலமாக இருப்பதற்கு அதுவே காரணம். மணல் வராத வடக்குக் கரையைக் கடல் அரித்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை மீனவக் குப்பங்கள் தெருத் தெருவாக நிலத்தை இழந்தன. இன்று அங்கே கருங்கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும்தான் கரையைக் காக்கின்றன. ஒரே துறைமுகம் தென்பகுதிக்கு உலாவும் இடத்தைத் தந்தது, வடபகுதியின் வீடுகளை எடுத்துக்கொண்டது.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. வேலை குறைந்தது; புகையும் கழிவும் தங்கிவிட்டன.

தூசி எங்கே போனது?

ராயபுரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கரித்தூசி பழக்கமான ஒன்று. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் குவிக்கப்பட்டன. காற்றடித்தால் துணியிலும் சோற்றுப் பானையிலும் கறுப்புப் படலம் படியும். இதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு அக்டோபர் முதல் அந்தச் சரக்குகள் சென்னைத் துறைமுகத்தில் கையாளப்படவில்லை. மக்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அந்த நிலக்கரி மறைந்துவிடவில்லை. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ஏற்கெனவே அனல் மின் நிலையங்களின் சாம்பல் கழிவு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த பகுதி அது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை முழுவதும் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் புகுந்து, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

ஓரிடத்தின் தொல்லையை எடுத்து அதைவிட ஏழையான இன்னோர் இடத்தில் வைப்பதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை மதிப்பிடும்போது இதை முதல் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். ராயபுரம் கடற்கரை அழகாகும்போது, எண்ணூரின் காற்றும் நீரும் அதே நிலையில் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று பொருள்.

வாடகை என்னும் அமைதியான வெளியேற்றம்

இரண்டாவது அளவுகோல் இன்னும் முக்கியமானது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு நெரிசலில் சிக்காமல் போய்விடலாம். துறைமுகம் முதல் மதுரவாயல் வரையிலான உயர்மட்டச் சாலைப் பணியும் நடக்கிறது. பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் புதிதாகக் கட்டும் திட்டமும் உள்ளது. இவை எல்லாம் தேவையானவையே. வடசென்னைக்கு வர வேண்டியவை தாமதமாக வருகின்றன, அவ்வளவுதான்.

ஆனால் ரயில் நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். சொந்த வீடு உள்ளவருக்கு அது லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு அது நோட்டீஸ். வீட்டின் உரிமையாளர் பழைய வீட்டைக் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வார். புல்டோசரும் போலீசும் வராமல், பத்திரிகையில் ஒரு வரி கூட வராமல், ஒரு தெரு முழுவதும் ஆள் மாறிவிடும்.

அப்படி வெளியேறும் குடும்பம் இழப்பது வீட்டை மட்டுமல்ல. மண்ணடிக் கடைக்கு நடந்து போகும் வேலை, பிள்ளைகளின் பள்ளி, மாலை மதரஸா, நோன்புக் கஞ்சி வாங்கும் பள்ளிவாசல், அவசரத்துக்கு ஓடும் ஸ்டான்லி மருத்துவமனை, கைமாற்றுத் தரும் பக்கத்து வீட்டார் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் இழக்கிறது.

அரசு கட்டிய பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதை வேறு. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அத்தகைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டதும் மக்கள் வெளியேறிவிட்டதால் அல்லாஹ்வின் அருளால் உயிர்ச் சேதம் இல்லை. ஆகவே இக்கட்டடங்களை இடித்துக் கட்டுவது கட்டாயம். அதே இடத்தில் கட்டித் தருவது நல்ல கொள்கை. கடந்த காலத்தில் நகரின் ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதன் விளைவை நாம் பார்த்திருக்கிறோம். ராயபுரத்திலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து தினமும் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்கு வர முடியாது.

ஆனால் அதே இடத்தில் கட்டும்போதும் இடைக்காலம் என்று ஒன்று உண்டு. கட்டி முடியும் வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் கருணைத் தொகை 2021இல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டு காத்திருந்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் கணக்கு வரும். அந்தத் தொகைக்கு வடசென்னையில் வீடு கிடைக்காது. தூரமாகப் போன குடும்பம் திரும்பி வராமல் போவது இந்த இடைவெளியில்தான்.

மற்ற நகரங்கள் சொல்லும் பாடம்

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரை அழகுபடுத்தப்பட்டது. நடைபாதையும் பூங்காவும் நாடு முழுவதும் புகழப்பட்டன. அந்தக் கரையில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், முஸ்லிம்களும் தலித்களும் பெரும்பான்மையாக, வெளியேற வேண்டியிருந்தது. பலருக்கு நகரின் ஓரத்தில், வட்வா போன்ற பகுதிகளில் வீடு தரப்பட்டது. அந்த மாற்று வீடுகூடத் தானாக வந்துவிடவில்லை. குடியிருப்பாளர்கள் அமைப்பாகத் திரண்டு, குஜராத் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் பெற்றார்கள். ஆவணம் காட்ட முடியாதவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நலிந்துபோன துறைமுகக் கரையில் 1980இல் ஹார்பர்பிளேஸ் என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. உலக நகரங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர். ஆனால் சில தெருக்கள் தள்ளியிருந்த ஏழைக் குடியிருப்புகள் ஏழையாகவே இருந்தன. நாளடைவில் கடைகளும் காலியாகி, 2019இல் வளாகம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. கரையை மட்டும் அலங்கரித்தால் அந்த அலங்காரமும் நிலைக்காது.

உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி

பொதுப் பணிக்காக ஒருவரின் இடம் தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றில் ஒரு நிகழ்வு உண்டு. மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரான அப்பாஸ் (ரலி) தர மறுத்தார்கள். விவகாரம் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக்குச் சென்றது. சம்மதமின்றி எடுக்க முடியாது என்று கலீஃபாவுக்கு எதிராகவே அவர்கள் தீர்ப்பளித்தார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பிறகு, அப்பாஸ் (ரலி) தாமாகவே அந்த இடத்தை வழங்கிவிட்டார்கள். இப்னு ஸஅத் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதைப் பதிவு செய்துள்ளனர்.

இதில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. இறையில்லத்துக்கான பணி என்றாலும் உரிமையாளரின் சம்மதம் தேவை. உரிமை மதிக்கப்பட்டால் மக்கள் தாராளமாகவே விட்டுக் கொடுப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

சட்டம் நமக்குச் சில கருவிகளைத் தந்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்த ஆவணமும் ஒற்றுமையும் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. வாய்மொழி நம்பிக்கையில் முப்பது ஆண்டு இருந்தவருக்கும் பிரச்சினை வரும்போது கையில் காகிதம் வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், மின் கட்டண ரசீது ஆகியவற்றில் ஒரே முகவரி இருக்கட்டும்.

எம்.சி. ரோடு, மண்ணடி பகுதிகளில் நடைபாதையில் வியாபாரம் செய்பவர்கள் மாநகராட்சியின் அடையாள அட்டை பெற வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும் முன் அவர்களை அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

பள்ளிவாசல், மதரஸா, கபரஸ்தான் நிர்வாகிகள் வக்ஃப் பதிவு, பட்டா, அளவு வரைபடம் ஆகியவற்றை இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது. சாலை விரிவாக்க அறிவிப்பு வந்த பிறகு தேடத் தொடங்கினால் தாமதமாகிவிடும்.

மாநகராட்சி வார்டுகளில் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களில் கலந்துகொண்டு, தெருவின் தேவையைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். பெரிய தொழில் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்காக 2021லும் 2023லும் அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டங்கள், கடும் எதிர்ப்பு எழுந்த நிலையில் இருமுறையும் ஒத்திவைக்கப்பட்டன.

இவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் செய்வது சிரமம். மஹல்லா ஜமாஅத் வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், ஆவண உதவி மையம் நடத்தலாம். படித்த இளைஞர்கள் நான்கு பேர் போதும். பக்கத்துத் தெருவின் மீனவக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் தலித் குடும்பமும் அங்கே வரட்டும். அவர்கள் பிரச்சினையும் நம் பிரச்சினையும் ஒன்றுதான். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அண்டை வீட்டார் குடிபெயராமல் காப்பது அதைவிடச் சிறியது அல்ல.

புதிய கட்டடங்கள் திறக்கப்படும்போது அவற்றை வரவேற்போம். அத்துடன் நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் கவுன்சிலரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. இங்கிருந்து அகற்றப்படும் மாசு எந்த ஊருக்குப் போகிறது? இந்தத் தெருவில் இன்று வாடகைக்கு இருப்பவர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் இங்கேயே இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.