அறிவொளி அம்மாக்கள்: அன்றும் இன்றும்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, வயலிலும் கல்குவாரியிலும் வேலை முடிந்து, வீட்டில் உலை இறக்கிய பிறகுதான் பெண்கள் சிலேட்டைக் கையில் எடுத்தார்கள். கோயில் வாசலோ யாராவது வீட்டுத் திண்ணையோ வகுப்பறை. நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு. சொல்லிக் கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்தான். சம்பளம் கிடையாது. அத்தை, பெரியம்மா, அக்கா என்று முறை வைத்துக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. "கெழங்கட்டைக்கு எதுக்குப்பா படிப்பு? கலெக்டர் உத்தியோகமா பாக்கப் போறேன்?" இப்படிக் கேட்டவர்களில் பலருக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது.

உட்கார்ந்த பிறகு கதை மாறியது. கருக்கரிவாள் பிடித்துக் காய்த்த விரல்களுக்குப் பலப்பம் ஒரு பொருட்டே இல்லை. அழுத்திய அழுத்தில் ஒடிந்துவிடும். ட, ப எல்லாம் கோடுதானே, வந்துவிடும். இ-யின் சுழியில்தான் கை திணறும். ஒருத்தி எழுதியதைப் பார்த்து இன்னொருத்தி சிரிக்க, சிரித்தவள் அதைவிடக் கோணலாக எழுத, வகுப்பு களைகட்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்த கையோடு வட்டிக்காரர் நோட்டில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் படிப்பு ஒட்டிக்கொண்டது.

அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் இயக்கத் தொண்டர்களும் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: சைக்கிள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பலர் கேலி செய்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியபடி, 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்க அதுதான் வசதி என்றும் கண்டுகொண்டார்கள். வீதி நாடகம், பாட்டு, சைக்கிள் என்று படிப்பைத் திருவிழாவாக்கியதுதான் அறிவொளியின் சாமர்த்தியம் என்பேன்.

திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டோம். கையெழுத்தோடு நின்றவர்களுக்கு மற்ற எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோயின. 1991-இல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 51.33 விழுக்காடு, 2011-இல் 73.44. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் போன மகள்களுடையது.

அந்த மகள்கள் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு போன் இன்று அம்மாக்களின் இடுப்பில் இருக்கிறது. படிக்கத் தெரியாமலே அதைக் கையாளலாம்: பேசினால் தேடித் தரும், வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம். ஆனால் என் கண்ணில் படுவது வேறு. அறிவொளியில் எழுத்துக் கூட்டிய எங்கள் உறவுக்காரப் பெரியம்மா, எழுபதைத் தொடும் வயதில், பேத்தியின் பள்ளிக் குழுவில் வரும் அறிவிப்பைச் சத்தமாக வாசிக்கிறார். தெரியாத சொல் வந்தால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இது என்னன்னு சொல்லு தாயி, அப்பறம் நானே படிச்சுக்கிறேன்" என்கிறார். முழுதாக வாசித்துக் காட்டினால் கோபம் வருகிறது.

2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் தன்னார்வலர்கள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முடிவில் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. தேர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், கேரள எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கிவிட்டு, பத்தாம் வகுப்புவரை படிக்க ஆசைப்பட்டார். மதிப்பெண் அவருக்கு அடுத்த படியைக் காட்டியது. நம் ஊரிலோ பாட்டி பரீட்சை எழுதும் போட்டோ செய்தித்தாளில் வருவதோடு சரி. மறுநாள் அவர் படிக்க என்ன இருக்கிறது? குழந்தைப் புத்தகங்களில் யானையும் முயலும். செய்தித்தாளிலோ மூக்குக் கண்ணாடி போட்டும் எட்டாத பொடி எழுத்து. விவசாயம், வைத்தியம், ஊர்க் கதை, சட்ட உரிமை என்று பெரியவர்களுக்கான விஷயங்களைப் பெரிய எழுத்தில் தரும் புத்தகம் கைக்கெட்டுவதில்லை.

2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அன்றைக்கு 12,618 ஊராட்சிகள். கட்டடம் இருக்கிறது, பல ஊர்களில் பூட்டும் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பி, அடுப்பு வேலை முடித்து நிமிரும் இரவு ஏழு மணிக்கு அது திறந்திருந்தால் போதும், வர ஆள் இருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.